ஏழும் ஒன்பதும்

ஆதம்பாக்கம்

மார்கழி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. விடிகாலை ஐந்தரைக்கே நந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து பாட்டு கேட்கத் தொடங்கிவிட்டது. பரங்கிமலை ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்கள் குல்லாவும் மப்ளருமாக எங்கள் சந்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். மெக்கானிக் அண்ணனின் ஷெட் வாசலில், அப்போதுதான் போட்ட கோலத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று என் அப்பா வாங்கிய 1989 புல்லட், 346 சிசி. மற்றது அண்ணனின் வாடிக்கையாளர் ஒருவருடைய ஹார்லி-டேவிட்சன் ஸ்போர்ட்ஸ்டர், 883 சிசி.

ஹார்லிக்கு ரிங் மாற்றி, வால்வு சீட்டைத் தேய்த்துப் பதம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு முடித்திருந்தார் அண்ணன். “ரிங் புதுசு தம்பி. நூத்தம்பது கிலோமீட்டராவது நான் ஓட்டிப் பாக்காம வண்டிய குடுக்க மாட்டேன். விரட்டவும் கூடாது, ஒரே வேகத்துல பிடிச்சு வைக்கவும் கூடாது” என்றார். வண்டிக்காரரும் சம்மதித்துவிட்டார். அந்த நூற்றைம்பது கிலோமீட்டரை எங்கே ஓட்டுவது என்று முந்தின இரவே பேசி வைத்திருந்தோம். வடக்கே திருவொற்றியூர், அங்கிருந்து மீஞ்சூர், பிறகு வெளிவட்டச் சாலையில் வண்டலூர், ஒரகடம், திரும்பி வீடு. புல்லட் இந்த மண்ணில் முதலில் உருவான இடத்தையும் இப்போது உருவாகும் இடத்தையும் ஒரே நாளில் தொட்டுவிடும் சுற்று அது.

இரண்டு இன்ஜினையும் ஓடவிட்டுச் சூடேறக் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சிறுவயதுப் பழக்கம் ஒன்று எனக்குத் திரும்ப வந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். அவரிடம் நான் மூன்று வருடம் கற்றேன். கை பேசவில்லை, கணக்கு மட்டும் நின்றது. எந்தச் சத்தம் கேட்டாலும் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒரு சிலிண்டரில் ஒருமுறை நெருப்பு விழும். இரண்டு சுற்று என்றால் 720 டிகிரி. அதை 45 டிகிரித் துண்டுகளாக வெட்டினால் பதினாறு அட்சரம். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். ஆகவே பதினாறு எண்ணிக்கைக்கு ஒரே அடி. ஒரு அடி, நீண்ட மௌனம், மறுபடி அடி. புல்லட் பிரியர்கள் ‘பீட்’ என்று உருகுவது அந்த மௌனத்துக்காகத்தான்.

ஹார்லிக்கு இரண்டு சிலிண்டர்கள். ஆங்கில வி எழுத்தைப்போல் விரிந்து நிற்கும் அவற்றுக்கு நடுவே 45 டிகிரி. இரண்டு பிஸ்டனும் கிராங்கின் ஒரே பின்னைப் பற்றித் தொங்குகின்றன. அதனால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 315 டிகிரி. அதற்கும் அடுத்ததற்கும் 405. பதினாறு அட்சரக் கணக்கில் சொன்னால் ஏழும் ஒன்பதும். தகிட தகதிமி என்று ஏழு எண்ணி முடிக்கையில் ஓர் அடி. தகதிமி தகதகிட என்று ஒன்பது எண்ணி முடிக்கையில் மற்றோர் அடி. மிஸ்ரமும் சங்கீர்ணமும் மாறி மாறி. கால் நொண்டுவதுபோல் காதுக்குப் படுகிற அந்தச் சத்தம், கணக்குத் தெரிந்தவருக்குத் துல்லியமான தாளம்.

அண்ணனிடம் சொன்னேன். “தாளமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அது ஏன் அப்படிங்கறத பிளாக்கத் தூக்கினப்ப நீயே பாத்தியே” என்றார். பார்த்திருந்தேன். இரண்டு சிலிண்டர் பிளாக்கையும் கழற்றியபோது உள்ளே இரண்டு கனெக்டிங் ராடுகள் நின்றன. ஒன்றின் அடி கவைபோல இரண்டாகப் பிளந்திருக்க, மற்றதன் அடி அந்தப் பிளவுக்குள் நுழைந்து, இரண்டும் ஒரே பின்னில் பூட்டியிருந்தன. ஓர் உரலில் இரண்டு பேர் உலக்கை போடும் காட்சி நினைவுக்கு வந்தது. உரல் ஒன்று, இடிக்கும் கைகள் வேறு வேறு பக்கத்திலிருந்து வருகின்றன.

அன்று நாள் முழுக்க நான் அந்த ஒற்றைப் பின்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

புதுப்பேட்டை

கத்திப்பாரா மேம்பாலம் ஏறி, கிண்டி தாண்டி, சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது வானம் வெளுத்தது. மவுண்ட் ரோடில் அந்த நேரத்தில் பால் வண்டிகளும் பேப்பர் போடும் பையன்களும்தான். அண்ணன் முன்னால் போனார். ஏழும் ஒன்பதும் கட்டிடச் சுவர்களில் பட்டு எனக்குத் திரும்பி வந்தது.

புதுப்பேட்டையில் டீ குடிக்க நின்றோம். கூவம் கரையோரம், கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஷட்டர்களுக்கு வெளியே சங்கிலி போட்டுக் கட்டிய கதவுகளும் பம்பர்களும், சாக்கு மூடிய இன்ஜின்களும். ஆயில் குடித்துக் குடித்துத் தெருவே கறுத்திருக்கிறது. அண்ணன் பதினான்கு வயதில் எடுபிடியாக வந்து சேர்ந்த தெரு இது. உலகத்தின் எந்த இன்ஜினும் ஒருநாள் பிரிந்து இங்கே வந்து சேரும் என்பார். பிரித்துப் பார்த்தவருக்குத்தான் எது எதற்காக வந்தது என்று புரியும்.

வி-ட்வின் எதற்காக வந்தது என்ற கேள்விக்கு விடை எளியது: இடத்துக்காக. 1889-இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் செய்த முதல் வி இன்ஜினில் சிலிண்டர்களுக்கு நடுவே வெறும் 17 டிகிரிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார்சைக்கிள் என்பது இன்ஜின் வைத்த சைக்கிள். சைக்கிளின் வைர வடிவ ஃப்ரேமுக்குள் ஒரு சிலிண்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. கூடுதல் பலம் வேண்டும் என்றபோது இரண்டாவது சிலிண்டரை எங்கே வைப்பது? பக்கத்தில் வைத்தால் வண்டி அகலமாகும், புது கிராங்க் வேண்டும். இருக்கும் கிராங்கின் பின்னிலேயே இன்னொரு ராடை மாட்டி, சிலிண்டரைச் சற்றுச் சாய்த்து நட்டுவிட்டால், ஒரு சிலிண்டரின் அகலத்துக்குள் இரண்டு சிலிண்டரின் பலம். அமெரிக்காவில் இண்டியன் நிறுவனம் 1907-இலும் ஹார்லி-டேவிட்சன் 1909-இலும் இந்த வழியில் இறங்கின.

ஹார்லியின் அந்த முதல் வி சரியாக ஓடவில்லை. அதன் இன்லெட் வால்வைத் திறக்க கேம் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே வால்வைத் திறக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டரில் போதுமாக இருந்த ஏற்பாடு இரட்டையில் தடுமாறியது. ஒரே வருடத்தில் அதை நிறுத்தி, கேம் வைத்துத் திறக்கும் வால்வோடு 1911-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். அன்று தொடங்கியது நூறாண்டுத் திருத்தம்.

அந்தத் திருத்தங்களை அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “ஒழுகறத நிறுத்தினாங்க, கொதிக்கறத நிறுத்தினாங்க, உதறறத நிறுத்தினாங்க.” வரலாறும் அந்த வரிசையை ஒட்டித்தான் போகிறது. தொடக்க கால இன்ஜின்களில் ஆயில் உள்ளே போய் எரிந்து வெளியே போய்விடும். மேட்டில் ஏறும்போது ஓட்டுகிறவர் கை பம்பை அழுத்தி இன்னும் கொஞ்சம் ஆயில் ஊட்ட வேண்டும். 1936-இல் வந்த 989 சிசி இன்ஜின்தான் ஆயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டது; வால்வுகளையும் சிலிண்டரின் தலைக்கு மேலே ஏற்றியது. அதன் ராக்கர் மூடிகள் மடக்கிய கை விரல் முட்டிகள்போல இருந்ததால் ‘நக்கிள்ஹெட்’ என்று பெயர் விழுந்தது. 1948-இல் ஹெட்டை அலுமினியத்துக்கு மாற்றினார்கள்; மூடி கவிழ்த்த தட்டுபோல இருந்தது, ‘பான்ஹெட்’ ஆனது. 1966-இல் மண் அள்ளும் கருவியின் சாயலில் ‘ஷவல்ஹெட்’.

இங்கேதான் அண்ணனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வார்ப்பிரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட்டை உட்கார வைத்தால், சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரியாது. அலுமினியம் அதிகம் விரியும், இரும்பு குறைவாக விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் தேயும், ஆயில் கசியும். “நம்ம பழைய புல்லட்டுக்கும் இதே கதைதான். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம்.” 1984-இல் ‘எவல்யூஷன்’ என்ற பெயரில் வந்த ஹார்லி இன்ஜின் பிளாக்கையும் அலுமினியமாக்கியது, ஒழுகல் பெருமளவு நின்றது. அண்ணன் பிரித்து மாட்டிய ஸ்போர்ட்ஸ்டரும் அந்தப் பரம்பரைதான். பெரிய ஹார்லி வண்டிகளில் 1999 மாடலுக்கு இரண்டு கேம் கொண்ட 1,450 சிசி; 2016-இல் சிலிண்டருக்கு நான்கு வால்வும் உதறலை வாங்கிக்கொள்ளும் பேலன்சர் தண்டும் கொண்ட ‘மில்வாக்கி-எய்ட்’.

ஆயில் வழி மாறியது, உலோகம் மாறியது, வால்வு இடம் மாறியது. 45 டிகிரியும் ஒற்றைப் பின்னும் மட்டும் அந்தப் பெரிய வண்டிகளில் மாறவே இல்லை. ஏழும் ஒன்பதும் கேட்டுப் பழகிய காது அதை விட்டுக்கொடுக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: ஓர் இன்ஜின் எப்படி வளர்ந்தது என்பதை, அதில் எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதை வைத்துத்தான் அறிய வேண்டும்.

திருவொற்றியூர்

ராயபுரம் தாண்டி, காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவே ஊர்ந்து, கடல் காற்று வாங்கியபடி திருவொற்றியூர் வந்தோம். வடிவுடையம்மன் கோயில் கோபுரத்தை எட்ட நின்று கும்பிட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தோம். புல்லட்காரர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு தலமும் உண்டு.

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வண்டிகளை 1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு உறுதியான மோட்டார்சைக்கிள் தேவைப்பட்டது. 350 சிசி புல்லட் தேர்வானது. அதன் தொடர்ச்சியாக 1955-இல் ரெட்டிச் நிறுவனத்துடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனியின் கதையே முடிந்தது. இங்கே வார்ப்பு ஆறவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. 1994-இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது.

அந்தத் தொழிற்சாலை மதிலோரமாக வண்டியை நிறுத்தினேன். என் புல்லட்டும் இங்கே பிறந்ததுதான். கை நடுங்காமல் டேங்க்கில் இழுத்த பொன்னிறக் கோடு முப்பத்தைந்து வருடம் கழித்தும் அதில் மங்கலாகத் தெரிகிறது.

திருவொற்றியூர் ஒருபோதும் வி-ட்வின் செய்ததில்லை. ஆனால் ரெட்டிச் செய்திருக்கிறது. 1930-களில் ராயல் என்ஃபீல்டின் பெரிய வண்டியில் இருந்தது 1,140 சிசி வி-ட்வின். பக்கவாட்டு இணைப்பு வண்டியை இழுக்கப் பிறந்த பொறுமைசாலி. 2018 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு ‘கேஎக்ஸ்’ என்ற 838 சிசி வி-ட்வின் மாதிரியை வைத்தபோது, அந்த முன்னோரைத்தான் நினைவுபடுத்தியது.

கம்பெனி செய்யாததைப் புல்லட்டை நேசித்தவர்கள் செய்தார்கள் என்பதே எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஆஸ்திரேலியரான பால் கார்பெரி இரண்டு 500 சிசி புல்லட் சிலிண்டர்களை 55 டிகிரியில் விரித்து, ஏறக்குறைய 1,000 சிசி வி-ட்வின் செய்தார். பின்னர் அந்த முயற்சி சத்தீஸ்கரின் பிலாய்க்குக் குடிபெயர்ந்தது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்குப் போன அனிகேத் வர்தன், கிராங்க்கேஸுக்கான வார்ப்பு அச்சை மரத்தில் தன் கையாலேயே செதுக்கி, இரண்டு 350 சிசி புல்லட் சிலிண்டர்களை நட்டு ‘மஸ்கெட்’ என்ற வி-ட்வின்னை உருவாக்கினார். இரண்டிலும் மேல் பாதி திருவொற்றியூர். கீழே கிராங்க்கேஸ் புதிது. ஒற்றைப் பின்னில் இரண்டு ராடு.

இந்த யோசனைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் வின்சென்ட் நிறுவனத்தில் ஃபில் இர்விங் என்ற ஆஸ்திரேலியர் வேலை செய்தார். 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் வரைபட நகல் ஒன்று மேஜைமேல் இருந்த இன்னொன்றின்மேல் கோணலாக விழுந்து, வி வடிவத்தில் தெரிந்ததைக் கண்டுதான் அவருக்கு இரட்டை இன்ஜின் யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1936-இல் 998 சிசி ‘ரேப்பிட்’ வந்தது. அதன் வழி வந்த வின்சென்ட்டில்தான் 1948-இல் அமெரிக்காவின் பொன்னெவில் உப்புப் பரப்பில் ரோலி ஃப்ரீ மணிக்கு 150 மைல் வேகத்தைக் கடந்தார். குறுக்கே காற்று பிடிக்காமலிருக்க நீச்சல் உடையோடு வண்டிமேல் குப்புறப் படுத்தபடி.

வின்சென்ட் சிலிண்டரின் போர் 84 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. 500 சிசி புல்லட்டின் அளவும் அதே 84, அதே 90. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மதில் பக்கம் பார்த்து, “அப்ப நம்ம பிளாக்குக்கு அந்த யோக்கியதை எப்பவும் இருந்திருக்கு” என்றார்.

வெளிவட்டச் சாலை

எண்ணூர் தாண்டி மீஞ்சூரில் இட்லி சாப்பிட்டோம். அங்கே வண்டியை மாற்றிக்கொண்டோம். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அகலச் சாலை. இருபுறமும் வயலும் ஏரியும் பாதி எழுந்த குடியிருப்புகளும்.

ஹார்லியில் உட்கார்ந்ததும் முதலில் தெரிந்தது வலது தொடையில் சூடு. முன் சிலிண்டருக்குக் காற்று நேராகக் கிடைக்கிறது. பின் சிலிண்டர் அதன் முதுகுக்குப் பின்னால், பந்தியில் கடைசி வரிசைக்காரர்போல மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. அடுத்துத் தெரிந்தது உதறல். ரப்பர் மவுண்ட் இருந்தும், ஐட்லிங்கில் ஹேண்டில்பார் ஆடியது. வேகம் ஏற ஏற அது தணிந்து ஒரு முனகலாகியது.

உதறலுக்குக் காரணம் அந்த ஒற்றைப் பின்தான். மேலே போகும் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும்போது வண்டியையும் தூக்கிப் போடப் பார்க்கும். அதற்கு எதிராக ஃப்ளைவீலில் எடை வைப்பார்கள். 45 டிகிரியில் இரண்டு பிஸ்டன்களும் ஏறக்குறைய ஒரே திசையில் சேர்ந்து ஏறி இறங்குவதால், எவ்வளவு எடை வைத்தாலும் கணக்கு முழுதாகத் தீராது, கொஞ்சம் மிஞ்சும். அதே சிலிண்டர்களை 90 டிகிரியில் விரித்தால் கதை மாறும். ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் முழு வேகத்தில் இருக்கும். ஒன்றின் உதைப்பும் மற்றதன் உதைப்பும் சேர்ந்து சக்கரம்போல் சுழலும் ஒரே விசையாகிவிடும். எதிர் எடை ஒன்றால் அதை அப்படியே அடக்கிவிடலாம்.

இத்தாலியர்கள் இந்த வழியில் போனார்கள். மோட்டோ குஸ்ஸிக்காக ஜூலியோ சேசரே கார்கானோ வடிவமைத்த 90 டிகிரி இன்ஜின் 1967-இல் ‘வி7’ வண்டியில் வந்தது. அவர் இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கத்தில் காற்றுக்கு முகம் காட்டின. யாரும் கடைசி வரிசையில் இல்லை. டுகாட்டியின் ஃபேபியோ டக்லியோனி 1971-இல் வந்த 750 சிசி வண்டியில் 90 டிகிரியை நீளவாக்கில் வைத்தார். முன் சிலிண்டர் ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுத்தது. அதற்கு விலை நீளம். படுத்த சிலிண்டருக்கும் முன் சக்கரத்துக்கும் இடம் விட வண்டியை நீட்ட வேண்டியிருந்தது. இன்ஜின் வேலையில் இலவசம் என்று எதுவுமில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

தாளமும் மாறியது. 90 டிகிரியில் அடிகளுக்கு இடைவெளி 270-உம் 450-உம். எட்டு அட்சரமாகச் சுருக்கினால் மூன்றும் ஐந்தும். தகிட, தகதகிட. திஸ்ரமும் கண்டமும் கூடிய ஆதி தாள அளவு. ஏழும் ஒன்பதும் தள்ளாடினால், மூன்றும் ஐந்தும் துள்ளும்.

சோழவரத்தின் அருகே சாலை கடக்கும்போது அண்ணன் கை காட்டி நிறுத்தினார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் இங்கே இருந்தது. போர் முடிந்தபின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்தது. வெயிலில் வைக்கோல் கட்டுகள்மேல் ஏறி நின்று பார்த்த பையன்களில் அண்ணனும் ஒருவர்.

அந்தப் போர்தான் இந்தியாவுக்கும் வி-ட்வின்களைக் கொண்டுவந்தது. ராணுவத்துக்காக ஹார்லி செய்த ‘டபிள்யூஎல்ஏ’ 740 சிசி; மட்டமான பெட்ரோலிலும் ஓடும்படி அழுத்த விகிதத்தைத் தாழ்த்தி வைத்த, சைடு வால்வு இன்ஜின். போருக்குப்பின் கழித்துக் கட்டிய ஹார்லிகளும் இண்டியன்களும் டெல்லியில் மூன்று சக்கர வண்டிகளாக மறுபிறவி எடுத்தன. ‘பட்பட்டி’ என்று பெயர். சாந்தினி சவுக் பக்கமிருந்து கன்னாட் பிளேஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, 1990-களின் இறுதியில் புகை காரணமாக விலக்கப்படும்வரை ஓடின. சோறு போட்ட வி-ட்வின்கள் அவை. டெல்லியின் ஏதோ ஒரு பட்டறையில் நம் அண்ணனைப்போல ஒருவர், ஸ்பேர் கிடைக்காத காலத்தில், அந்த ஒற்றைப் பின்னை லேத்தில் கடைந்து கடைந்து ஐம்பது வருடம் உயிர் கொடுத்திருக்கிறார். இன்ஜின் வரலாற்றில் அவரைப் போன்றவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஒரகடம்

வண்டலூரில் திரும்பி, படப்பையில் மோர் குடித்து, ஒரகடம் சேரும்போது மணி ஒன்றரை. 2013-இல் ராயல் என்ஃபீல்டு இங்கே தொழிற்சாலை தொடங்கியது. 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலில் இன்னொன்று. சாலையோரம் வேப்ப மரத்தடியில் நின்றோம். புது வண்டிகளை ஏற்றிய மூடிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஹார்லி நூறு வருடத்தில் செய்ததைப் புல்லட் இருபது வருடத்தில் செய்திருக்கிறது. இரும்பு பிளாக் போய் அலுமினியம் வந்தது. தனித்தனியாக இருந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் சேர்ந்தன. 2020-இல் வந்த 349 சிசி இன்ஜினில் பேலன்சர் தண்டு உதறலை வாங்கிக்கொண்டது. பதினாறுக்கு ஓர் அடி மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டு சிலிண்டர் வண்டி செய்ய வேண்டும் என்று வந்தபோது ஒரகடம் என்ன செய்தது என்பதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். 2018-இல் விற்பனைக்கு வந்த 650 வரிசையின் இன்ஜின் 648 சிசி, 47 குதிரைத்திறன். வி இல்லை, இரண்டு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் நேராக நிற்கின்றன. ஒரே பிளாக், ஒரே ஹெட்; செலவு குறைவு, நீளம் குறைவு, இருவருக்கும் ஒரே காற்று. பழைய இங்கிலாந்து இரட்டைச் சிலிண்டர்களும் இப்படித்தான். அவற்றில் இரண்டு பிஸ்டனும் ஜோடியாக ஏறி ஜோடியாக இறங்கும். பதினாறு அட்சரக் கணக்கில் அடி எட்டுக்கு எட்டு, சதுஸ்ரம், ஒழுங்கானது, ஆனால் தட்டையானது.

ஒரகடத்து இன்ஜினில் பின்கள் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றது 270 டிகிரி தள்ளி நிற்கிறது. ஒரு பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது மற்றது பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கிறது, 90 டிகிரி வி-ட்வின்னில் போலவே. இரண்டும் ஒருசேர நின்றுபோகும் கணம் கிடையாது. நேராக நிற்கும் சிலிண்டர்கள் என்பதால் மிஞ்சுகிற உதறலை பேலன்சர் தண்டு பார்த்துக்கொள்கிறது. அடி எங்கே விழுகிறது? 270-இலும் 450-இலும். மூன்றும் ஐந்தும். இந்த உபாயத்தை யமஹா 1995-இலேயே தன் ‘டிஆர்எக்ஸ் 850’ வண்டியில் காட்டியிருந்தது. இங்கிலாந்திலும் சென்னையிலும் இருந்த பொறியாளர்கள் அதை எடுத்து, புல்லட் வாங்குகிறவரின் கைக்கு எட்டும் விலையில் கொடுத்தார்கள்.

மில்வாக்கியில் இருக்கும் ஹார்லிக்காரர்களும் 2021-இல் புது 1,252 சிசி இன்ஜினைச் செய்தபோது ஒற்றைப் பின்னை விட்டுவிட்டார்கள். சிலிண்டர்களை 60 டிகிரியில் விரித்து, பின்னை இரண்டாக்கி 30 டிகிரி விலக்கி வைத்தார்கள். கூட்டினால் 90. அங்கேயும் மூன்றும் ஐந்தும். இரண்டு ஊர்கள் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே தாளத்தில் வந்து நிற்கின்றன.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு 650 வாசல் பக்கமிருந்து வந்து, எங்களைக் கடந்து, கியர் மாற்றிப் போனது. என் விரல் புல்லட் டேங்க்கில் தானாகத் தட்டியது. தகிட, தகதகிட. மாடி வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பார், சிரித்திருப்பார். வி வடிவத்தை எடுக்காமல் அதன் மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு நேரான இரண்டு சிலிண்டருக்குள் வைத்த வேலை நம் செங்கல்பட்டுச் சீமை மண்ணில் நடக்கிறது. நான் அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மீண்டும் ஆதம்பாக்கம்

ஜிஎஸ்டி சாலை நெரிசலில் தாம்பரமும் குரோம்பேட்டையும் கடந்து, ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. உள்வட்டச் சாலை ஓரம் பறக்கும் ரயில் தூண்களின்மேல் நிலா. ஹார்லியின் மீட்டரில் 168 கிலோமீட்டர் கூடியிருந்தது. அண்ணன் டார்ச் அடித்து, கேஸ்கெட் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்து, விரலை வெளிச்சத்தில் காட்டினார். உலர்ந்திருந்தது.

“கடைசியா ஒருதரம் ஐட்லிங் கேட்டுடலாம். உன்னுதையும் போடு.”

இரண்டும் பக்கத்தில் நின்று ஓடின. புல்லட் பதினாறுக்கு ஒன்று என்று தன் போக்கில். ஹார்லி ஏழு, ஒன்பது, ஏழு, ஒன்பது. இரண்டின் வேகமும் ஒன்றல்ல. ஒன்றை ஒன்று துரத்தி, விலகி, மறுபடி நெருங்கின. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சில நிமிடத்துக்கு ஒருமுறை, எதிர்பாராத ஒரு கணத்தில், புல்லட்டின் ஒற்றை அடியும் ஹார்லியின் முதல் அடியும் ஒன்றாக விழுந்தன.

“இப்ப கேட்டியா?” என்றார். தாளம் தெரியாது என்று காலையில் சொன்னவர், சமம் விழுந்த இடத்தில் தலையை ஆட்டினார். இன்னொருமுறை அது வரும்வரை இருவரும் காத்திருந்தோம். வந்தது. பிறகு சாவியைத் திருப்பினார்.